முதல் மடக்கு

குழந்தைகளை ஃபுட்பால் பார்க்கக் கூட்டிப்போகிறவன் முதலில் கவனிக்கவேண்டியது மூத்திரத்தைத்தான், சார். சிரிக்காதீர்கள். ஐந்தாறு உருப்படிகளை ஓட்டிக்கொண்டு காலேஜ் மைதானத்துக்குப் போய் உட்கார்ந்து, ஆட்டம் சூடுபிடிக்கிற நேரத்தில் ஒன்று எழுந்து ஒண்ணுக்கு வருகிறது என்று நெளியும். அதைக் கூட்டிப்போய்த் திரும்புவதற்குள் கோல் விழுந்திருக்கும். ஒன்றுக்கு வந்தால் மற்றதுக்கெல்லாம் வந்துவிடும். அதனால் நான் ஒரு சட்டம் வைத்திருக்கிறேன். ஆட்டத்துக்குப் போகிற அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு யாருக்கும் தண்ணீர் கிடையாது. ஆட்டம் முடிந்ததும் ஆளுக்கொரு சர்பத் வாங்கிக் கொடுப்பேன். இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளையும் முகம் சுளித்ததில்லை.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நடந்ததற்கெல்லாம் காரணம் இந்தத் தண்ணீர்ச் சட்டம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மற்றபடி நான் யோசித்ததில் பெரிய பிசகு ஒன்றுமில்லை.

நீங்கள் பாறசாலைப் பக்கத்துக்காரர் என்று பேச்சிலேயே தெரிந்துவிட்டது. அதனால் மலையாளம் வேண்டாம், தமிழிலேயே சொல்கிறேன். பெயர் தாணுமாலையன். ஆரியசாலையில் நாட்டு மருந்துக் கடை. அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து போட்ட கடை. தெருவுக்கு நான் அண்ணாச்சி, தெருப் பிள்ளைகளுக்கு மாமா. என்னிடம் ஒரு குணம் உண்டு, எது வீணானாலும் எனக்குப் பொறுக்காது. பிழிந்த எலுமிச்சைத் தோலைக்கூட உப்பில் போட்டு வெயிலில் வைப்பேன். கேலரியில் ஒரு பிள்ளை கப்பலண்டியை, அதுதான் வறுத்த வேர்க்கடலையை, கீழே சிந்தினால் பொறுக்கித் தின்னவைப்பேன். 'மாமா வந்துட்டாரு, வீணாக்காதே' என்று அதுகள் ஒன்றையொன்று கிண்டல் செய்யும்.

என் மகன் வெங்கிடேஷ் அந்தக் காலேஜில் மூன்றாம் வருஷம். கோல்கீப்பர். கோல்கீப்பர் என்றுதான் சொல்லவேண்டும், ஆனால் மூன்று வருஷமாக அவன் உட்கார்ந்திருந்தது பெஞ்சில். முதல் வருஷம் ஒரு சீனியர் கோலில் நின்றான், அடுத்த வருஷம் வந்து சேர்ந்த சுஜின் அன்றிலிருந்து நிற்கிறான். சுஜினின் அம்மா பிரேமா என் கடையில் சரக்குப் புடைத்துப் பொட்டலம் கட்டுகிறவள். கருங்கல் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். சுஜினுக்கு முதல்முதலாகக் கையுறை வாங்கிக் கொடுத்தவனே நான்தான். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். நானும் ஊட்டித்தான் பார்த்தேன். அவன் வளர்ந்தான், என் பிள்ளை அவனுடைய துண்டை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

சுஜினுக்கு ஒரு தங்கை, லிபி. மூன்றாம் கிளாஸ். சாயங்காலம் கடையில் அம்மா வேலை முடிக்கும்வரை என் மேஜைக்கடியில் உட்கார்ந்து படம் வரைவாள். கெட்டிக்காரி. வசம்பு எது, சித்தரத்தை எது என்று மணத்தை வைத்தே சொல்லிவிடுவாள்.

இந்த டீமில் ஒரு வழக்கம் உண்டு. அது தெரியாவிட்டால் மற்றது புரியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஃபைனலில் தோற்றார்கள். தோற்றது ஆடத் தெரியாமல்தான். ஆனால் ஆட்டத்துக்கு முன்னால் முன்பின் தெரியாத ஒருவர் கொடுத்த ஜூஸைக் குடித்தார்களாம், அதில் கைவிஷம் இருந்ததாம். புத்தியையும் அதிர்ஷ்டத்தையும் கெடுக்க எதையோ ஓதிச் சாப்பாட்டில் கலந்து கொடுப்பார்கள் என்று நம் பக்கத்து ஜனங்கள் நம்புகிறார்களே, அதுதான். பையன்கள் பயந்துபோய் அதற்குப் பிறகு யார் கொடுத்தாலும் பச்சைத் தண்ணீர்கூட வாங்கவில்லை. ஒருவன் ஆட்டத்தின் நடுவே மயங்கியும் விழுந்தான். நான்தான் ஒரு வழி சொன்னேன். குழந்தை கையில் கைவிஷம் நிற்காது, குழந்தை முதல் மடக்கு குடித்துவிட்டுக் கொடுத்தால் தாராளமாகக் குடிக்கலாம் என்றேன். அப்போது வாயில் வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நான் நாரங்காவெள்ளம் கலந்து எடுத்துக்கொண்டு தெருப் பிள்ளைகளோடு போவேன். எலுமிச்சையும் உப்பும் சர்க்கரையும் என் செலவு. கோல்கீப்பருக்கு மட்டும் தனியாக மஞ்சள் மூடி போட்ட பாட்டில். அதைக் கொண்டுபோய்க் கொடுப்பது லிபி. அண்ணனுக்குத் தங்கைதானே கொடுக்கவேண்டும்.

இந்த வருஷ ஃபைனலுக்கு யூனிவர்சிட்டி கேம்புக்கு ஆள் எடுக்க வருகிறார்கள் என்று தெரிந்தது. கோல்கீப்பர் ஒரே ஒரு இடம். வெங்கிடேஷுக்கு இது கடைசி வருஷம். சுஜின் இரண்டாம் வருஷம்தான், அவனுக்கு அடுத்த வருஷமும் இருக்கிறது. நீங்களே சொல்லுங்கள், யார் நிற்பது நியாயம்? கோச்சிடம் போய்ப் பக்குவமாகச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "அண்ணாச்சி, நல்லா பிடிக்கவன் நிப்பான்" என்றார். எனக்கு வயிறு எரிந்தது, சார், மறைக்கமாட்டேன். அன்று ராத்திரி வெங்கிடேஷ் தட்டில் விரலால் கோலம் போட்டுவிட்டு எழுந்துபோனான். சோறு அப்படியே கிடந்தது.

ஒரு நாள் வயிற்றுப்போக்கு. நான் நினைத்தது அவ்வளவுதான். கடையில் பேதிக்கு ஒரு விதை இருக்கிறது. பெயர் வேண்டாம், வெளியே தெரிந்தால் நாளைக்கே நாலு பேர் கேட்டு வருவார்கள், அப்புறம் யார் பொறுப்பு? அதை வைத்தியர்கள் சுத்தி செய்துதான் கொடுப்பார்கள். சுத்தி செய்தால் விஷம் முறியும், ஆனால் நிதானமாகத்தான் வேலை செய்யும். எனக்கு ஆட்டத்துக்குள் வேலை செய்யவேண்டியிருந்தது. அதனால் சுத்தி செய்யவில்லை. கசக்கும் என்பதால் சர்க்கரையைக் கூடப் போட்டேன். லிபி முதல் மடக்கு குடிப்பாளே என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. ஒரு மடக்குத்தானே, இரண்டு தடவை வெளிக்குப் போவாள், மறுநாள் மோர் குடித்தால் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு இன்றைக்கும் சரிதான்.

அன்று நல்ல வெயில். கழக்கூட்டம் தாண்டி மைதானத்துக்குப் போகிற பஸ்ஸில் கூட்டம். பிரேமா ஸ்டாப் வரை வந்து ஏற்றிவிட்டாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. என்னிடம் அதைச் சொல்லவேண்டியதில்லை என்று அவளுக்குத் தெரியும். லிபி வழியிலேயே, "மாமா, தண்ணி தவிக்கு" என்றாள். சட்டம் சட்டம்தானே, பொறு என்றேன். கேலரியில் உட்கார்ந்ததும் மறுபடியும் சொன்னாள். பொறு என்றேன். கப்பலண்டி விற்கிற சுடலைக்கண்ணு வந்தார், எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்தேன். உப்புக் கப்பலண்டி. அதை வாங்கிக் கொடுத்திருக்கக்கூடாது.

பிறகு மஞ்சள் மூடி பாட்டிலை அவள் கையில் கொடுத்து அனுப்பினேன். கோல்கம்பத்தின் பக்கத்தில் போய் நின்று, அண்ணனைப் பார்த்துச் சிரித்து, மூடியைத் திறந்து முதல் மடக்கு குடித்தாள். குடித்தவள் பாட்டிலை இறக்கவில்லை. தலையை அண்ணாந்து குடித்துக்கொண்டே இருந்தாள். நான் கேலரியில் எழுந்து நின்றுவிட்டேன். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும், தூரம் ஒன்றும் அதிகமில்லை. நான் கூப்பிடவில்லை. பாதிக்கு மேல் குடித்துவிட்டாளே, மீதி அவனுக்குப் போதுமா என்பதுதான் அந்த நேரத்தில் என் கவலை.

அவனோ குடிக்கவே இல்லை. "இம்புட்டு தவிச்சா வந்தே? எனக்கு வேண்டாம் மக்ளே, நீயே குடிச்சோ" என்று சொன்னானாம். இதைப் பிற்பாடு அவன் வாயால் கேட்டேன்.

லிபி பாட்டிலைக் கோல்கம்பத்தடியில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "கொஞ்சம் கசப்பு மாமா. ஆனா நான் வீணாக்கல்லே, அடியில கொஞ்சந்தான் கிடக்கு" என்றாள். நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். எனக்குப் பாவமாக இருந்தது, சார். நிஜமாகவே பாவமாக இருந்தது.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு தடவை வாந்தி எடுத்தாள், அப்புறம் அடிக்கடி பின்பக்கம் கூட்டிப்போகவேண்டியிருந்தது. மற்ற பிள்ளைகளில் பெரியவள் அனுஷா. ஆஸ்பத்திரிக்குப் போகலாமா மாமா என்று கேட்டாள். வெயில் தாங்கவில்லை, ஒன்றுமில்லை என்றேன். லிபியை என் மடியில் படுக்கவைத்து வேட்டி முனையால் விசிறினேன். ஆட்டோ வைத்துக் கூட்டிப்போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். மற்ற பிள்ளைகளை யாரை நம்பி விடுவது? எல்லாம் நம்பிக் கொடுத்த பிள்ளைகள்.

அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் சுஜின் கோலை விட்டு வந்துவிடுவான். ஆனால் உடனே சொல்ல முடியாது. வெறும் வயிற்றுவலி என்றால் 'மாமா இருக்காருல்லா' என்று ஆடிக்கொண்டே இருப்பான். என்மேல் அவனுக்கு அத்தனை நம்பிக்கை. பார்த்ததும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடுகிற அளவுக்கு அவள் வாடவேண்டியிருந்தது. அதனால் காத்திருந்தேன். இடைவேளையில் பையன்கள் கேலரிக்குக் கீழேதான் நின்றார்கள். நான் அவளைத் துண்டால் மூடிக்கொண்டேன், தூங்குகிறாள் என்று கையால் காட்டினேன். இரண்டாம் பாதியில் கூப்பிட்டால் அவள் கண்ணைத் திறக்கவில்லை. கை சில்லிட்டுவிட்டது. அப்போது அனுஷாவை அனுப்பினேன்.

சுஜின் ஓடிவந்தான். பந்து அவன் பக்கத்து ஏரியாவில் இருந்தது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையுறையோடே அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினான். கம்பெனிகள் விடுகிற நேரம், ஹைவேயில் ஆட்டோ நகரவே இல்லையாம். வெங்கிடேஷ் கோலில் நின்றான்.

நான் இருந்து பார்த்தேன். மூன்று வருஷம் காத்திருந்தவன், சார். பெனால்டியில் இரண்டைப் பிடித்தான். மைதானமே அவன் பெயரைச் சொல்லிக் கத்தியது. நான் அழுதுவிட்டேன். ஆட்டம் முடிந்ததும் சொன்ன வாக்கு மாறாமல் பிள்ளைகளுக்குச் சர்பத் வாங்கிக் கொடுத்து, ஒவ்வொன்றையும் அதனதன் வீட்டில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் வெளியே வந்து பிள்ளை என்ன சாப்பிட்டது என்று கேட்டார். பிரேமா என்னைப் பார்த்தாள். கப்பலண்டி என்று சொன்னேன். பொய்யில்லையே, தின்றாள்தானே. வேறு எதுவும் உள்ளே போகவில்லையா, தெரிந்தால் அதற்குத் தகுந்த மருந்து கொடுக்கலாம் என்று மறுபடியும் கேட்டார். அப்போது கேம்புக்கு யார் என்று அறிவிக்கவில்லை. மறுநாள்தான் அறிவிப்பதாக இருந்தது. நான் ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். விடிவதற்குள் பிள்ளை போய்விட்டது. அடக்கத்துக்கு வேண்டியதெல்லாம் நான்தான் முன்னால் நின்று செய்தேன். பிரேமா என் கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணாச்சி மடியிலாவது கிடந்தாளே என்று அழுதாள்.

நீங்கள் கப்பலண்டியைச் சந்தேகப்பட்டுச் சுடலைக்கண்ணுவை ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்து உட்காரவைத்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. வயதான மனுஷன். இரண்டு நாளில் விட்டுவிடுவீர்கள் என்று நினைத்தேன். வெங்கிடேஷுக்குத்தான் பொறுக்கவில்லை. ஆட்டம் முடிந்து துண்டையும் பாட்டிலையும் எடுத்துப் பையில் போட்டவன் அவன்தானே. பாட்டிலின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கிறது. வீட்டில் எனக்கு எதிரில் வந்து நின்று, மூடியைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினான். "இது நம்ம கடை மணம்லா அப்பா" என்றான். கடையில் பிறந்து வளர்ந்த பிள்ளை, கண்டுபிடிக்காமல் இருப்பானா? அதை நேரே உங்களிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை.

காலையில் வராந்தாவில் சுஜின் என்னிடம் வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். "அண்ணாச்சி, ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டிருந்தா நான் மாறி நின்னிருப்பேனே" என்று மட்டும் சொன்னான். கேட்பதா? என் கடையில் புடைக்கிறவளின் மகனிடம் நான் போய்க் கைநீட்டி நிற்பதா? அவனுக்கு அது புரியாது.

ஆமாம், நான்தான் கலந்தேன். நான்தான் அவள் கையில் கொடுத்தேன். குடிப்பதைப் பார்த்தேன், கூப்பிடவில்லை. டாக்டர் கேட்டபோதும் சொல்லவில்லை. எங்கே கையெழுத்துப் போடவேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

ஒரே ஒரு உதவி மட்டும். வெங்கிடேஷைத்தான் கேம்புக்கு எடுத்திருக்கிறார்கள். அவன் போகமாட்டேன் என்கிறானாம், கையுறையைக் கொண்டுபோய் லிபியின் குழிமேல் வைத்துவிட்டு வந்துவிட்டானாம். சின்ன வயசு, நான் சொன்னால் இப்போது கேட்கமாட்டான். நீங்கள் கூப்பிட்டு நாலு வார்த்தை நல்லபடியாகச் சொல்லிப் போகச்சொல்லுங்கள், சார். இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை செத்தது வீணாகப் போய்விடும்.