அண்ணி கொடுத்த சாவி

வேங்கிக்காலில் பஸ் ஏறிய இளம்பெண் பக்கத்திலிருந்தவளிடம், “அண்ணி, நீங்க குடுத்த இரும்புச் சாவியை உண்டியல்ல போட்டுட்டேன்” என்றாள்.

“எந்த உண்டியல்டி?”

“வலிப்பு ஆராய்ச்சிக்கு நிதி சேக்கறாங்களே, அந்த உண்டியல். அதைத் தூக்கிட்டுத்தான் பௌர்ணமி கிரிவலம் போனேன்.”

“வலிப்பு வந்தா கையில திணிக்கத்தானே சாவி குடுத்தேன்? எங்கயாவது விழுந்தியா?”

“விழல. பதினாலு கிலோமீட்டரும் நடந்தேன். எனக்கே வலிப்பு இருக்குதுன்னு சத்தமா சொல்லித்தான் காசு கேட்டேன். பாதி வழியில, அடி அண்ணாமலையிலயே உண்டியல் முக்காவாசி ரொம்பிப் போச்சு. சாவியால வலிப்பு நிக்காதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு, அதான் அதையும் உள்ள போட்டேன்.”

“அடிப்பாவி, அது பீரோ சாவிடி.”

“பூட்டை உடைச்சுக்கலாம் அண்ணி.”

அண்ணி கொஞ்ச நேரம் முறைத்தாள். பிறகு சிரித்துவிட்டு, “அடுத்த பௌர்ணமிக்கு நானும் வரேன்” என்றாள்.