ஒரு சாமானியனின் கருத்து

காலையில் எழுந்ததும் போனைப் பார்க்க வேண்டாம் என்று கண் மருத்துவர் சொல்லியிருக்கிறார். கண்ணில் ஈரம் வற்றிப்போகிறதாம். சொட்டு மருந்தும் எழுதிக் கொடுத்தார். தங்கையின் உடலைக் கடையிலிருந்து எடுத்துப்போனபோது அக்காக்காரி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று எதிர்க்கடைக்காரர்கள் உங்களிடம் சொல்லியிருப்பார்கள், மேடம். அதில் வேறு பொருள் எதுவும் தேட வேண்டாம்.

அவளைக் கொன்றவனை எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும் என்றும் சொல்லலாம், தெரியாது என்றும் சொல்லலாம். முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

நான் ஒரு நாளிதழில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். தலையங்கம் எழுதுகிறவர் 'மக்கள் விழித்துக்கொண்டுவிட்டார்கள்' என்று அடிக்கடி எழுதுவார். நான் பிழை பார்த்து அனுப்புவேன். மக்கள் பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பிறகு பிழை பார்க்க ஒரு மென்பொருள் வாங்கினார்கள். அது சம்பளம் கேட்காது, தலையங்கத்தைப் படித்துக் கொட்டாவியும் விடாது. அத்தனை வருடத்தில் நானாக எழுதிய ஒரு வரிகூட அந்தத் தாளில் வந்ததில்லை. இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை.

தங்கை முடிதிருத்தும் கடை வைத்திருந்தாள். ஆண், பெண் இருபாலருக்கும். "வீட்ல உக்காந்து சுவத்தப் பாக்கறதுக்கு, இங்க வந்து நாலு மனுசங்க மூஞ்சியப் பாருக்கா" என்று கூப்பிட்டாள். தரை கூட்டுவதும் துண்டு துவைப்பதும் என் வேலையாயிற்று. அவள் மனதில் கள்ளம் கிடையாது. வாய்தான் நீளம். கத்திரி நின்றாலும் வாய் நிற்காது.

ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் எங்களிடம் வருவார். அப்போதுதான் ஓய்வூதியம் வாங்க முகத்தைக் காட்டும் இயந்திரத்தை அரசாங்கம் கொண்டுவந்திருந்தது. அவர் எங்கள் கடையில் முடி வெட்டி, தாடியை மழித்துக்கொண்டு போய் அதன் முன்னால் நின்றார். இது அவர் இல்லை என்று இயந்திரம் சொல்லிவிட்டது. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து புலம்பினார்.

"இப்ப என்னதான் பண்ணச் சொல்றாங்க?" என்றாள் தங்கை.

"பழைய மூஞ்சியோட வரச் சொல்றாங்கம்மா."

"அதுக்கு நான் எங்க போறது? குப்பைத் தொட்டில கெடக்கறதப் பொறுக்கி ஒட்டிவிடவா? அமைச்சரு தேர்தலுக்குத் தேர்தல் வேற வேற மூஞ்சியோட வர்றாரு, அவர எந்த மிஷினும் வெளிய போங்கன்னு சொல்ல மாட்டேங்குது."

அழ வந்த மனிதர் சிரித்துவிட்டார். நான் துண்டை வைத்துவிட்டுப் போனை எடுத்தேன். "அதை இன்னொரு தடவ சொல்லு" என்றேன்.

வீடியோ எடுத்து இணையத்தில் போடலாம் என்றதற்கு அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "என் மூஞ்சி தெரிஞ்சா பரவால்லக்கா. கடை எங்க இருக்குன்னு மட்டும் தெரியக் கூடாது. கண்ணாடியப் பாத்து எடு." அவள் சொன்னது நல்ல யோசனை. சுவர்க் கண்ணாடியில் விழும் பிம்பத்தைப் படம் எடுத்தால், ஜன்னலுக்கு வெளியே தெரியும் மருந்துக்கடைப் பலகையில் எழுத்துகள் இடம் வலம் மாறி விழும். மெனக்கெட்டால் படித்துவிடலாம்தான். ஆனால் போன் பார்க்கிறவர்கள் மெனக்கெடுவதில்லை. எல்லாப் படங்களையும் அப்படித்தான் எடுத்தோம்.

கொஞ்ச நாளில் அவளுக்குக் கத்திரியக்கா என்று பெயர் வந்துவிட்டது. தினமும் ஒரு தலை, தினமும் ஒரு விஷயம். விலைவாசி, வாக்குறுதி, கம்ப்யூட்டர் போலியாகத் தயாரித்துக் கொடுத்த தலைவரின் அழுகை. அவள் பேசுவதில் "எனக்கு இது முழுசாத் தெரியாது, ஆனா" என்று தொடங்குகிற இடங்களை நான் வெட்டிவிடுவேன். தெரியாது என்று சொல்கிறவர்களை அங்கே யாரும் நின்று கேட்பதில்லை. என் வேலை வெளியில் தெரியாத வேலை. அதில் எனக்குப் பழக்கம் உண்டு.

ஆனால் ஜனங்களுக்கு ஒருவரை ரொம்ப நாள் பிடித்திருக்காது. பார்க்கிறவர்கள் குறைய ஆரம்பித்தார்கள். பாராட்டுகிறவர்கள் மட்டும் இருக்கிற இடத்தில் கூட்டம் சேராது. தெருவில் சண்டை நடந்தால்தான் நாலு பேர் நிற்பார்கள். அவளுக்கு ஓர் எதிரி தேவைப்பட்டான். யாரோ ஒருவன் வருவதற்குக் காத்திருக்காமல் நானே இன்னொரு கணக்குத் தொடங்கினேன். 'ஒரு சாமானியன்' என்று பெயர் வைத்தேன். "முடி வெட்டுகிறவளுக்கு நாட்டு நடப்பு எதற்கு?" என்று முதல் கருத்தைப் போட்டேன். அவளுக்காக நூறு பேர் சண்டைக்கு வந்தார்கள், எனக்காக இருநூறு பேர். கூட்டம் திரும்பியது. அவள் நன்மைக்காகத்தான் செய்தேன். இதைத் தயவுசெய்து அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு சாமானியன் கொஞ்சம் நீளமாக எழுத ஆரம்பித்தான். அவள் சிரிக்கும்போது யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள், கணவன் ஏன் விட்டுவிட்டுப் போனான், அப்பா சாகும்போது யார் பக்கத்தில் இருந்தது, யார் கடையில் இருந்தது. பொய் எதுவும் இல்லை. கூடவே வளர்ந்தவளுக்குத் தெரிந்த விஷயங்கள்தான். படித்தவர்கள் "மனசுல பட்டதச் சொல்லிட்டீங்கண்ணே" என்று எழுதினார்கள். அவளைவிடச் சாமானியனை அதிகம் பேர் பின்தொடர்ந்தார்கள். என் எழுத்தில் ஒரு பிழை இருக்காது.

ஒரு நாள் அவளே அதைப் படித்துவிட்டாள். தலைக்குச் சாயம் பூசிக்கொள்ள வந்திருந்த டீச்சர் தன் போனில் காட்டிவிட்டார். கையுறையைக் கழற்றாமல், போனை டீச்சரின் கையிலேயே வைத்துக் கீழே வரைக்கும் படித்தாள்.

"யாருக்கா இவன்? என் கூடவே குடியிருந்தவன் மாதிரி எழுதறான்."

"வேலவெட்டி இல்லாதவன். விடு."

"ஆனா நல்லா எழுதறான்க்கா, படுபாவி. அப்படியே உள்ள கைய விட்டுப் பிசையறான்."

"நல்லா எழுதி என்ன? நாக்குல விஷம்" என்றார் டீச்சர்.

என் தங்கை என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

அதற்கப்புறம் அவள் பேச்சில் பழைய கலகலப்பு இல்லை. "நிறுத்திடலாம்க்கா. யாரு வந்து உக்காந்தாலும் இவனா இருக்குமோன்னு தோணுது. தெரியாதவங்க கழுத்துக்குப் பக்கத்துல கத்திய வெச்சுக்கிட்டு இவ்ளோ நாள் நான் பயந்ததில்ல. இப்பப் பயமா இருக்கு" என்றாள். தேர்தல் வரைக்கும் பொறுத்துக்கொள் என்றேன். அவளுக்கு வந்த மிரட்டல்களை அவள் பார்க்கவில்லை. கணக்கு என் கையில் இருந்தது, வந்ததும் அழித்துவிடுவேன். கொல்லுவேன், கொளுத்துவேன் என்று எழுதுகிறவர்களில் பாதிப் பேர் அலுவலகத்தில் பொழுது போகாமல் எழுதுகிறவர்கள். அதை அவளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

தன் முகத்துக்குப் பதிலாக ஒரு காரின் படத்தை வைத்திருந்தவன் மட்டும் அந்த ரகம் இல்லை. சாமானியன் எழுதியதையெல்லாம் படிப்பான். பழையதைத் தேடிப்போய்ப் படித்து, "இந்த வரிய நேத்துப் பூரா நெனச்சுக்கிட்டு இருந்தேண்ணே" என்று எழுதுவான். ஒரு நாள், "இவ கடை எங்கண்ணே இருக்கு? போர்டெல்லாம் மாறித் தெரியுதே" என்று கேட்டான். இடத்தை நான் சொல்லவில்லை. "பொறுமையாக இரு. அவளே காட்டுவாள்" என்று மட்டும் எழுதினேன்.

மறுநாள் படத்தைப் பதிவிடுவதற்கு முன்னால் இடம் வலம் திருப்பிப் போட்டேன். ஒரு தடவை விரலால் தொட்டால் போதும், திரும்பிவிடும். எழுத்து மாறி விழுவது பார்க்கிறவர்களுக்குச் சங்கடமாக இருக்கிறது என்று பலர் புகார் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிழையோடு ஒன்றை வெளியே விடுவது என் வழக்கமில்லை. மருந்துக்கடையின் பெயரும் தெருவின் பெயரும் நன்றாகத் தெரிந்தன.

"நாளைக்கு முடி வெட்டிக்கப் போறேண்ணே" என்று அவன் செய்தி அனுப்பினான். நான் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் போட்டேன். படித்துவிட்டேன் என்பதற்கு அது அடையாளம். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

காலையில் கடையைத் திறக்கும்போது, "இன்னிக்கு லீவு விட்டுடலாமாக்கா? ஒடம்பு என்னமோ போல இருக்கு" என்றாள். வாடிக்கை கெட்டுவிடும் என்றேன். ஒரு முதலாளிக்கு வேலைக்காரி சொல்ல வேண்டியதைத்தான் சொன்னேன்.

அவன் மத்தியானம் வந்தான். சாதாரணமான ஆள். வாசலில் காலைத் துடைத்துவிட்டு வந்தான்.

"எப்படி வெட்டணும் தம்பி?"

"உங்க இஷ்டம்க்கா."

"என் இஷ்டத்துக்கு விட்டா மொட்டைதான். அப்புறம் மிஷினு உங்களயும் வெளிய போன்னு சொல்லும்."

அவன் சிரித்தான். அவள் வெட்டி முடிக்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தான். கழுத்தில் ஒட்டிய முடியைத் தட்டிவிடப் பிரஷ் எடுக்க அவள் திரும்பினாள். மீதி உங்களிடம் இருக்கிற படத்தில் இருக்கிறது. படம் எங்கேயும் ஆடவில்லையே என்று கேட்டீர்கள். பழகிய கை. கடைசியில் கண்ணாடியில் அவள் என்னைப் பார்த்தாள் என்கிறீர்கள். கண்ணாடியில் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று அவ்வளவு உறுதியாகச் சொல்லிவிட முடியாது, மேடம்.

அவனைப் பக்கத்து அறையில் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். சாமானியன் அண்ணன் சொல்லித்தான் செய்தேன் என்கிறானாம். நான் எங்கேயும் அப்படிச் சொல்லவில்லை, நீங்களே எல்லாவற்றையும் படித்துப் பார்க்கலாம். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. நான் எழுதியதை ஒரு வரி விடாமல் படித்தவன் அவன் ஒருவன்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். அதற்குப் பதிலாக எனக்கு ஒரே ஓர் உதவி செய்யுங்கள். அண்ணன் இல்லை, அக்கா என்று அவனிடம் சொல்லிவிடுங்கள். அத்தனையும் எழுதியது நான்தான் என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.