சங்கு ஊதாத மதியம்

தண்ணீரே இல்லாத அணையில் தண்ணீர் மட்டம் பார்க்க ஓர் ஆளை வைத்திருக்கிறார்கள் என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். நானே சிரித்திருக்கிறேன், ஐயா. அந்த ஆள் நான்தான், ராஜபாண்டி. பசுவந்தனைக்குத் தெற்கே ஓடையை மறித்துக் கட்டிய சின்ன அணை அது. தினமும் காலையில் அளவுப் பலகையைப் பார்த்து, கோவில்பட்டியில் இருக்கும் இன்ஜினீயருக்குப் போனில் சொல்ல வேண்டும். வருஷக்கணக்காக நான் சொன்னதெல்லாம், "ஒண்ணும் இல்ல சார்" என்பதுதான். அதை ஒரு நாளும் தப்பாகச் சொன்னதில்லை.

கரிசல் மண் சும்மா கிடந்தால் எனக்குக் கை அரிக்கும். அணைக்குள்ளேயே உளுந்து விதைத்தேன். என் வீட்டுக்காரி பொன்மணி தலையில் அடித்துக்கொண்டாள். "தண்ணிக்குக் காவக்காரரு அணைக்குள்ளயே வெதைக்குதியளே, ஒங்க வேலமேல ஒங்களுக்கே நம்பிக்க இல்லியா?"

இல்லைதான். ஆனால் இந்த ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. உளுந்து காய் பிடித்திருந்த நேரம். தண்ணீர் என் வரப்பைத் தொட்டுவிட்டது. அணை பாதிகூட நிறையவில்லை. அதற்குள் நான் போனை எடுத்து, "சார், அணை நெறயப் போவுது. ஷட்டரத் தெறக்கட்டுமா?" என்றேன்.

"சங்க ஊதி, ஓடைக்குள்ள ஆள் இருக்கான்னு பாத்துட்டுத் தெறங்க" என்றார். நல்ல மனிதர். என்னை நம்பினார்.

சங்கு ஊதினால் ஊரே கரைக்கு ஓடிவரும். எங்கள் பக்கம் ஓடையில் தண்ணீர் வருவது ஒரு கல்யாணம் மாதிரி. பூவும் தேங்காயுமாக வந்து நிற்பார்கள். பாதி அணையையும் பார்ப்பார்கள், நடுவில் என் உளுந்தையும் பார்ப்பார்கள். அப்புறம் நான் டீக்கடைப் பக்கம் தலைகாட்ட முடியுமா? அதனால் ஊதவில்லை. ஷட்டரை முழுசாகத் தூக்கிவிட்டேன்.

கீழே, அணை மறித்ததால் தண்ணீர் ஓடாத ஓடை மணலில், ஆடுகளைப் படுக்கப் போட்டுவிட்டு சுடலைமாடன் துண்டை விரித்துப் படுத்திருந்தான். மழை வெறித்த மதியம், நல்ல வெயில். மறுநாள் குளத்தூர்ப் பக்கம் உடைமரத்தில் சிக்கியிருந்தவனைத் தூக்கினார்கள். ஆடுகள் சிலது பிழைத்துக்கொண்டன.

அவன் அங்கே இருந்தது தெரியாது என்றுதான் கேட்டவர்களிடமெல்லாம் முதலில் சொன்னேன். அது சரியில்லை. கரைமேல் நான் போகும்போது அவன்தான் கீழிருந்து குரல் கொடுத்தான்.

"அண்ணாச்சி, தண்ணி தெறக்கப் போறியளா? ஆட்டப் பத்திக்கிட்டு ஏறிருதேன்."

ஆமாம் என்றால் ஊருக்குள் போய்ச் சொல்லிவிடுவான். வாய் சும்மா இருக்காது அவனுக்கு.

"இல்லலே, நீ ஒறங்கு" என்றேன்.

உளுந்தில் ஒரு செடிகூட அழியவில்லை. அவன் பெண்டாட்டி பெத்தம்மாளுக்கும் ஒரு மரக்கால் கொடுத்துவிட்டேன். என் வாசலிலேயே கொட்டிவிட்டுப் போய்விட்டாள். பாவம், என்ன இருந்தாலும் துக்கத்தில் இருக்கிறவள். அவளை நான் மன்னித்துவிட்டேன், ஐயா.