எங்கள் காலடிகளை அறிந்த பேராசிரியருக்கு

அதிரும் இரும்பை அன்பால் அடக்கிய அம்மையே! உராய்வின் உள்ளம் உணர்ந்த உயர்ந்தவரே! நட்டும் போல்ட்டும் நாளெல்லாம் நட்பென நயந்த நல்லாசிரியரே! ஆட்டம் கண்ட பாலத்துக்கும் நடுக்கம் கொண்ட கட்டடத்துக்கும் நாடி பிடித்துப் பார்த்த நுண்ணறிவாளரே! ஆய்வு மாணவர் அனைவராலும் அன்பு பாதி, அச்சம் பாதியாக ‘உஷ் மேடம்’ என்று அழைக்கப்பெற்ற எங்கள் அதிர்வியல் ஆய்வுக்கூடத் தலைவரே! பணி நிறைவு பெறும் தங்களைப் பாசத்தோடும், பிரிய மனமில்லாத பாரத்தோடும் வணங்குகிறோம்!

இந்த மடலை எழுதும் பொறுப்பு நூலகராகிய என் தலையில் கட்டப்பட்டது. “புத்தகத்தோடவே குடித்தனம் நடத்துறீங்க, உங்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?” என்றார் அலுவலகக் கண்காணிப்பாளர். மேலே உள்ள பத்தியை மட்டும் எழுதவே எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. இனியும் ‘தாங்கள்’, ‘தங்கள்’ என்று எழுதினால் நான் வேறு யாருக்கோ எழுதுவதுபோல் இருக்கும். ஆகவே சபையோர் மன்னிக்க, இனி ‘நீங்கள்’ என்றே எழுதுகிறேன்.

நீங்கள் முனைவர் பட்ட ஆய்வுக்காக இந்த நிறுவனத்தின் படியேறியபோது, இல்லை, கீழ்த்தளத்துக்குப் படியிறங்கியபோது, உங்கள் கேள்வி ஒன்றே ஒன்றுதான். இரும்புச் சட்டங்களைப் போல்ட் போட்டு இணைக்கிறோம். காற்றோ இயந்திரமோ அவற்றை ஆட்டினால் அந்த ஆட்டம் எப்படி அடங்குகிறது? இணைப்பில் உள்ள தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று மயிரிழை அளவு வழுக்கி உராய்கின்றன. அந்த உராய்வுதான் ஆட்டத்தைத் தின்று தீர்க்கிறது. போல்ட்டை இறுக்கிக்கொண்டே போனால் தகடுகள் அசையாது, ஆட்டமும் சீக்கிரம் அடங்காது. தளர்த்திவிட்டாலோ சட்டமே கடகடவென்று ஆடும். நடுவில் எங்கே நிறுத்துவது? அந்த இடத்தைத் தேடித்தான் ஜன்னல் இல்லாத ஓர் அறையில், தேன்மெழுகு வாசனைக்கு நடுவே, உங்கள் இளமை கழிந்தது.

தேன்மெழுகு எதற்கு என்று நேற்றுச் சேர்ந்தவர்கள் கேட்கக்கூடும். அதிர்வை அளக்கும் உணரியை இரும்பின்மேல் ஒட்டுவதற்கு. விரல் நகம் அளவுள்ள அந்த உணரியை மெழுகு தடவி ஒட்டிவிட்டு, சட்டத்தைச் சிறு சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, எழுந்த நடுக்கம் எவ்வளவு நேரத்தில் ஓய்கிறது என்று பார்ப்பீர்கள். பிறகு போல்ட்டைக் கொஞ்சம் திருப்பி மறுபடியும் தட்டுவீர்கள். இப்படித் தட்டித் தட்டி, பார்த்த பொருளையெல்லாம் தட்டும் பழக்கம் கையில் ஒட்டிக்கொண்டது. இயக்குநரின் புது மேசையை விரலால் தட்டி, “பின்பக்கக் கால்ல நட்டு லூஸ் சார்” என்று நீங்கள் சொல்ல, அவர் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டு குனிந்து பார்த்ததை இந்தச் சபையில் மறந்தவர் யாரும் இல்லை.

அளவெடுக்க அமைதி வேண்டும். கட்டடத்தோடு ஒட்டாத தனி மேடை அமைத்துக்கொள்ள உங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை. மேலே நடைவழியில் ஒருவர் வேகமாக நடந்தால் கீழே உங்கள் கணக்கு கெட்டுப்போகும். ஆகவே மேலே சந்தடி ஓய்ந்திருக்கிறதா என்று பார்க்க, நடைவழியைத் தாங்கும் தூணில் ஓர் உணரியை நிரந்தரமாக ஒட்டி, அதற்கென்று ஒரு திரையும் வைத்தீர்கள். மேலே யாராவது நடந்தால் திரையில் ஓடும் கோடு துள்ளும். கோடு படுத்துக் கிடந்தால் உங்கள் வேலையைத் தொடங்கலாம். ஆய்வு முடிந்தது, பட்டமும் வந்தது, உங்களிடம் படித்தவர்கள் பட்டம் பெற்று ஊர் ஊராகப் போனார்கள். அந்த உணரியை மட்டும் நீங்கள் கழற்றவே இல்லை.

ஏன் கழற்றவில்லை என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. கீழ்த்தளத்துக்கு வந்து உங்களிடம் எதையும் கேட்கும் வழக்கமே எங்களுக்கு இல்லை. வந்தால் உஷ் என்பீர்கள் என்ற பயம். தொந்தரவு செய்யக்கூடாது என்ற மரியாதை. தேநீர்கூட படிக்கட்டின் முதல் படியில் வைக்கப்பட்டு, நீங்கள் வந்து எடுப்பதற்குள் ஆறிப்போகும்.

ஒரு முறை நான் காய்ச்சலில் விழுந்து வீட்டிலேயே கிடந்தேன். தனிக்கட்டை, ஏன் என்று கேட்க நாதியில்லை. அப்போது தொலைபேசி மணி அடித்தது.

“லைப்ரரியன் சாரா? கீழ இருந்து பேசுறேன். உடம்புக்கு என்ன?”

“மேடம், நான் லீவுன்னு உங்களுக்கு யார் சொன்னா?”

“யாரும் சொல்லல. உங்க நடை வரல. நீங்க இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைப்பீங்க. ஒரு துள்ளல் பெரிசு, ஒரு துள்ளல் சின்னது. ரெண்டு நாளா காணோம்.”

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. கணக்காளர் குடுகுடுவென்று ஓடுவதும், கண்காணிப்பாளர் நடுவில் நின்று மூச்சு வாங்குவதும், துப்புரவு அக்கா வாளியை இறக்கி வைப்பதும், கீழே ஒருவருக்கு ஒவ்வொருவராக வந்து முகம் காட்டிவிட்டுப் போவதாக இருந்திருக்கிறது. கணக்காளர் கர்ப்பமானபோது, “நடை மெதுவாயிருக்கே, படியில பார்த்து இறங்கச் சொல்லுங்க” என்று நீங்கள் சொல்லி அனுப்பினீர்கள். அவர் தன் மாமியாரிடம்கூட அப்போது சொல்லியிருக்கவில்லையாம்!

இனி விரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன், உங்கள் பணிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து யோசித்தோம். சத்தம் போடாமல் நடப்பதைவிட உங்களுக்குப் பெரிய பரிசு எது? நடைவழி முழுக்கத் தடித்த ரப்பர் விரிப்பு போட்டோம். நீங்கள் மேலே வந்து, குனிந்து, விரலால் தட்டிப் பார்த்து, “நல்லா அடக்குது” என்றீர்கள். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. இந்த மடலின் முதல் வரைவில் அந்த விரிப்பைப் புகழ்ந்து ஒரு முழுப் பத்தியே எழுதியிருந்தேன்.

அதற்கடுத்த மழைக்காலத்தில் எனக்குக் கண்ணில் அறுவைச் சிகிச்சை. வாரக்கணக்கில் வீட்டில் இருந்தேன். தொலைபேசியைத் தலைமாட்டிலேயே வைத்திருந்தேன். அழைப்பு வரவில்லை. உள்ளதைச் சொன்னால், மனசு விட்டுப்போயிற்று. ஒருவர் கவனித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தது என் கற்பனைதான் போலும் என்று எண்ணிக்கொண்டேன். திரும்பி வந்த பிறகும் அதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

சென்ற வாரம், இந்த மடலுக்கு விவரம் சேகரிக்க நானும் கண்காணிப்பாளரும் ஆய்வுக்கூடத் தொழில்நுட்பரும் கீழே வந்தோம். விழாவே வேண்டாம் என்றீர்கள். “யாராவது ஒருத்தர் வந்து சாவி வாங்கிக்கிட்டாப் போதும்” என்றீர்கள். அப்போது தொழில்நுட்பர் திரையைக் காட்டி, “இதுல ஒண்ணுமே ஓடலையே மேடம், வெறுங்கோடா இருக்கு. கெட்டுப்போச்சா? எதுக்கு வச்சிருக்கீங்க?” என்று கேட்டார்.

“கெட்டுப்போகல” என்றீர்கள். திரையின் ஓரத்தை விரலால் ஒரு தட்டுத் தட்டினீர்கள். பிறகு சொன்னீர்கள்: “விரிப்பு போட்டதுக்கப்புறம் இப்படித்தான். யாரு வந்தா, யாரு வரலைன்னே தெரியறதில்ல. பழக்கதோஷம், காலைல வந்ததும் போட்டுடறேன். என்னைக்காவது யாராவது அழுத்தி நடந்தா ஒரு சின்னத் துள்ளல் வரும். அதுக்காகத்தான்.”

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமே மேடம்!” என்றார் கண்காணிப்பாளர்.

“எல்லாரும் ஆசை ஆசையாப் போட்டது. எப்படிங்க சொல்றது?”

அம்மா! ஆட்டத்தை எப்படி அடக்குவது என்று ஆயுள் முழுக்க ஆராய்ந்தவர் நீங்கள். உங்களுக்கு இருந்த ஒரே பேச்சுத்துணையை நாங்கள் அடக்கிவிட்டு, அதற்குக் கைதட்டலும் வாங்கிக்கொண்டோம். மூவரும் படியேறி வந்தோம். விரிப்பின்மேல் நடந்தபோது எங்கள் காலடிச் சத்தம் எங்களுக்கே கேட்கவில்லை. கண் சிகிச்சையின்போது ஏன் அழைப்பு வரவில்லை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அந்த மழைக்காலத்திலிருந்து நான் உங்கள்மேல் மனத்தாங்கலோடு மேலே நடந்துகொண்டிருந்தேன். நீங்கள் கீழே என் நடைக்காகக் காத்துக்கொண்டிருந்தீர்கள்.

பண்பின் பெட்டகமே! பொறுமையின் பொருளே! உங்கள் ஆய்வேடு நூலகத்தில் என் மேசைக்கு எதிர் அலமாரியில் இருக்கிறது. பாலம் கட்டுகிறவர்கள் இன்றும் எடுத்துப் புரட்டுகிறார்கள். உங்களிடம் உஷ் வாங்கியவர்கள் பல நாடுகளில் உயர்ந்த பதவியில் இருக்கிறார்கள். இவற்றையெல்லாம் விரிவாக எழுதவே சபை என்னைப் பணித்தது. ஆனால் எனக்கு எழுதத் தோன்றுவது வேறு. நாளையிலிருந்து எங்களில் ஒருவர் வராமல் போனால், அதை யார் கவனிப்பார்கள்? விடுப்பு விண்ணப்பம் வந்ததா என்று அலுவலகம் கேட்கும். நடை வரவில்லையே என்று கேட்க யார் இருக்கிறார்கள்?

உங்கள் வீட்டைப் பற்றியும் விசாரித்துவிட்டோம், கோபித்துக்கொள்ளாதீர்கள். தங்கை வெளிநாட்டில் இருக்கிறார். வீட்டில் வேறு யாரும் இல்லை. மேலே மாடியும் கிடையாது. ஆகவே எங்கள் நடையை உங்களுக்குக் காட்ட வாசல் வழியாக வருவதைத் தவிர எங்களுக்கு வேறு வழி இல்லை. முறை போட்டுக்கொண்டு வரமாட்டோம், நினைத்தபோது வருவோம். நீங்கள் உஷ் என்றாலும் போகமாட்டோம்.

சாவியை யாரும் வாங்கிக்கொள்ளப் போவதில்லை. ஆய்வுக்கூடத்தில் உங்கள் நாற்காலி அப்படியே இருக்கும் என்று இயக்குநர் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டபோது தன் மேசையை ஒரு தட்டுத் தட்டிக் காட்டினார். கால் இப்போது சரியாகிவிட்டதாம். இந்த மடலைச் சட்டம் போட்டுத் தருகிறோம். மாட்டுவதற்கு முன் சட்டத்தின் மூலைகளைத் தட்டிப் பார்ப்பீர்கள் என்று தெரியும். தொழில்நுட்பர் ஏற்கெனவே நாலு முறை தட்டிப் பார்த்துவிட்டார்.

நோயற்ற உடலும் நொடியாத உள்ளமும் நூறாண்டு வாழ்வும் பெற்று, கதவு தட்டும் ஓசை ஓயாத வீட்டில் நீங்கள் நிறைவாக வாழ வேண்டுமென்று நெஞ்சார வாழ்த்துகிறோம்!

கடைசியாக ஒன்று. எல்லோரும் ஏன் இந்தக் கீழ்த்தளத்தில் நெருக்கியடித்து நிற்கிறோம், விழாவை ஏன் மேலே அரங்கில் வைக்கவில்லை என்று நீங்கள் யோசித்துக்கொண்டிருப்பீர்கள். இன்று காலை, நீங்கள் வருவதற்கு முன், விரிப்பைச் சுருட்டிக் கட்டிவிட்டோம். இந்த மடலை உங்கள் கையில் தந்துவிட்டு எல்லோரும் மேலே போகிறோம். நடைவழியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, ஒருவர் பின் ஒருவராக, அழுத்தி நடக்கப் போகிறோம். துப்புரவு அக்கா வாளியோடு தயாராக நிற்கிறார். கணக்காளர் தன் மகளையும் கூட்டி வந்திருக்கிறார். அந்த நடை உங்களுக்குப் புதிது, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

உட்காருங்கள் அம்மா. திரையைப் போடுங்கள். முதலில் வருவது யார் என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஒரு துள்ளல் பெரிதாகவும் ஒரு துள்ளல் சின்னதாகவும் வந்தால், அது உங்களுக்கே தெரியும்.

என்றும் உங்கள் அன்பை மறவாத,
உங்கள் தலைக்கு மேலே நடக்கும் பணியாளர்கள் அனைவரும்