ஏரி முக்கில் சொன்ன வார்த்தை

— அழுகாமக் கேளுங்க தங்கச்சி. கடைசி வளைவு வரைக்கும் எறங்கிப் பாத்தாச்சு. பள்ளத்துலகூடக் கயிறு கட்டி எறங்கிட்டோம். மாப்ளையும் இல்ல, சைக்கிளும் இல்ல.

— நான் அழுகல அழகுபாண்டிண்ணே. கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. ரெண்டு பேரா சைக்கிள மிதிச்சு மலை ஏறினீங்க. ஒத்த ஆளா எப்படிண்ணே கீழ எறங்குனீங்க?

— அதேன் சொன்னேன்ல, ஏரி முக்குல பிரிஞ்சோம். மாப்ள கீழ நாங்க தங்குன சின்னமனூர் ரூமுக்குத் திரும்பிட்டாப்லன்னு நெனச்சேன். நான் ஏரியச் சுத்தி முடிச்சுட்டு மத்தியானம் ரூமுக்கு வந்தா, போட்ட பூட்டு அப்படியே தொங்குது. அப்பவே ஒரு ஜீப்பப் பிடிச்சு மேல ஓடி வந்துட்டேன். காட்டு இலாகா வாட்சருக, எஸ்டேட் ஆளுக, அம்புட்டுப் பேரும் எறக்கத்துலதேன் தேடுறாக.

— அவரு போனு?

— சுவிட்ச் ஆஃப். காலையிலருந்து தேயிலை, தண்ணி, குருவின்னு போட்டோவா எடுத்துத் தள்ளுனாப்ல. சார்ஜு எப்படி நிக்கும்?

— இப்ப நீங்க எங்க நிக்கிறீங்க?

— அதே ஏரி முக்குலதேன். ஏரிப் பக்கந்தேன் சிக்னல் கொஞ்சம் கெடைக்குது. பனி எறங்க ஆரம்பிச்சிருச்சு தங்கச்சி. இருட்டுனா ஆனை வரும், விடிஞ்சு பாப்போம்ங்கிறாக வாட்சருக.

— விடிஞ்சு எதப் பாக்க? அய்யோ, அவரு சுகர்க்காரருண்ணே! காலையில ஊசி போட்டாரா?

— போட்டாப்ல.

— என்ன சாப்டாரு?

— ரெண்டு இட்லி. ஏத்தத்துல வயிறு கனக்கும்னு போதும்னுட்டாப்ல.

— கடலை மிட்டாய் வச்சு விட்டேனே, பையோட சைடு ஜிப்புல?

— அது எங்கிட்ட இருக்கு தங்கச்சி. பை கனக்குதுன்னாப்ல. நாந்தேன் எல்லாத்தையும் வாங்கி என் பையில போட்டேன்.

— கடவுளே! ரெண்டு இட்லிக்கு அந்த ஊசி தாங்குமா? சுகர் லோ ஆயிட்டா அவருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. நாக்கு கொழறும். போன வருசம் பழங்காநத்தத்துல நடு ரோட்டுல அப்படியே உக்காந்துட்டாரு. குடிச்சிருக்கான்னு ஒருத்தர்கூடக் கிட்ட வரல.

— ஆத்தாடி, இது எனக்குத் தெரியாதே. ஒரு வார்த்த சொல்லலையே மாப்ள.

— எப்படிச் சொல்லுவாரு? சொன்னா நீங்க கூட்டிட்டுப் போக மாட்டீங்கள்ல! சைக்கிள்ல திருமங்கலம் போயிட்டு வந்தாலே மூச்சு வாங்குறவருண்ணே. "இந்து, மேல ஒரு ஏரி இருக்காம். அதச் சுத்தி ரோடாம். ஒரு ஹாரன் சத்தம் கேக்காதாம்." ஒரு மாசமா வீட்டுல வேற பேச்சே இல்ல.

— நாந்தேன் ஆச காட்டுனேன். தெனம் விடியக்கால கீழக்குயில்குடி ரோட்டுல எங்கூட ஓட்டுறவரு, மலைய ஒரு தரம் பாக்கட்டுமேன்னு நெனச்சேன். ஏரியப் பாத்ததும் சைக்கிள அப்படியே கெடத்திட்டு, சின்னப்பிள்ளையாட்டம் நின்னாப்ல தங்கச்சி. கண்ணுல தண்ணி. கேட்டா காத்தாம்.

— போதும்ணே, சொல்லாதீங்க. நேத்து கெளம்புறப்பவே எனக்குத் திக்குனு இருந்துச்சு. வாசல்ல நின்னுக்கிட்டு "போறேன்டி"ங்கிறாரு. "போயிட்டு வாரேன்னு வாய் நெறையச் சொன்னா கொறஞ்சா போயிருவீங்க?"ன்னு கத்துனேன். சிரிக்கிறாரு. கல்யாணம் ஆன நாள்லருந்து இதே வீம்புதான். எங்க அத்தையும் சொல்லிப் பாத்துட்டாங்க, மகளும் சொல்லிப் பாத்துட்டா. வாயில வராது. போறேன், போறேன், போறேன்! அந்த வார்த்தைதான் இப்ப என் நெஞ்ச அறுக்குது.

— வார்த்தையில என்ன தங்கச்சி இருக்கு. மனசப் போட்டு ஒழப்பாதீங்க.

— சரி, ஏன் பிரிஞ்சீங்க? சண்டையா?

— சண்டைன்னு இல்ல…

— மறைக்காதீங்கண்ணே. உங்க காலப் பிடிச்சுக் கேக்குறேன்.

— அய்ய, அப்படியெல்லாம் பேசாதீங்க. மாப்ளைக்கு முட்டி வலி. நொண்டுனாப்ல. நான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இல்லாம, "பேசாம ஜீப்புல வந்து பாத்திருக்கலாம்ல"ன்னு கேலி பண்ணிட்டேன். மூஞ்சி சுண்டிப்போச்சு. அதுக்கப்புறம் ஒரு பேச்சு இல்ல.

— அப்புறம்?

— இந்தக் கோடையில ஏரித் தண்ணி வத்திக் கெடக்கு. ரோட்டுல போனா வளைஞ்சு வளைஞ்சு போகணும். எஸ்டேட் சனம் நடக்குற ஒத்தையடிப் பாதை ஏரிக்குள்ள குறுக்க கெடக்கு. "நான் இப்படி எறங்குறேன், நீங்க எப்படி?"ன்னு கேட்டேன். "சரி மாப்ள, நான் வாரேன்"னாப்ல. கோவத்துல ரூமுக்குத் திரும்புறாப்லன்னு நெனச்சேன். நானும் வீம்புக்கு "சரி, வாங்க"ன்னுட்டு எறங்கிட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல.

— என்னன்னு சொன்னாரு?

— "நான் வாரேன்"னாப்ல.

— அவரு ரூமுக்குத் திரும்பினத நீங்க கண்ணால பாத்தீங்களா?

— பாக்கல. அதேன் வாரேன்னு சொல்லிட்டாப்லல்ல? கெளம்புறப்ப நாம சொல்றதுதானே.

— நாம சொல்றதுதாண்ணே! அவரு சொல்ல மாட்டாரே!

— என்ன தங்கச்சி சொல்றீக?

— இம்புட்டு நேரம் அதத்தானே கத்துறேன்! "போறேன்னா போறேன், வாரேன்னா வாரேன். இந்த ஊரே ஏன்டி மாத்தி மாத்திப் பேசுது?"ன்னு கேக்குறவருண்ணே. அவரு வாரேன்னு சொன்னா, வாராருன்னுதான் அர்த்தம். நீங்க வேற வாங்கன்னு சொல்லியிருக்கீங்க. உங்க பின்னாலதான் ஏரிக்குள்ள எறங்கியிருக்காரு!

— ஆத்தாடி…

— அந்தப் பாதையில நடுவுல என்ன இருக்கு? அண்ணே, நடுவுல என்ன இருக்கு?

— ஓடை. தண்ணி கம்மிதேன். சேறு, தங்கச்சி. கால வச்சா இழுக்கும். நான் சைக்கிளத் தோள்ல போட்டுக் கல்லு கல்லாத் தாண்டுனேன். முட்டி வலிக்கிற மனுசன் எப்படி… அடேய்! எல்லாரும் இங்கிட்டு வாங்கடா! எறக்கத்துல இல்லடா, ஏரிக்குள்ளடா!

— ஓடுங்கண்ணே! போன மட்டும் வச்சிராதீங்க.

— ஓடுறேன், ஓடுறேன். பனி மறைக்குது. மாப்ளோய்! ஸ்ரீனிவாசு! டயரு தடம் கெடக்கு தங்கச்சி.

— உங்க தடமா இருக்கும்ணே.

— இல்ல. ரெண்டு கெடக்கு. ரெண்டு தடம் கெடக்கு தங்கச்சி!

— அய்யோ, காலையிலருந்தா அங்க கெடக்காரு!

— சைக்கிள் தெரியுது. மாப்ள! மாப்ள! அய்யோ, இடுப்பு வரைக்கும் உள்ள போயிருக்காப்லயே! கயிறக் குடுங்கடா, பலகை கொண்டாங்கடா! பிடிச்சுட்டேன். மூச்சு இருக்கு தங்கச்சி. ஒடம்பு ஜில்லுனு இருக்கு. கண்ணு சொருகுது.

— மிட்டாய அப்படியே வாயில போட்டுறாதீங்க, தொண்டையில அடைச்சுக்கும். வெல்லத்த மட்டும் பொடிச்சு ஒதட்டுக்கு உள்ள தேய்ங்க. தேய்ச்சுக்கிட்டே இருங்க. தூங்க மட்டும் விட்றாதீங்க.

— தேய்க்கிறேன். மாப்ள, இந்தாருங்க, மாப்ள. நான் பாவி. ஒரு தரம் திரும்பிப் பாத்திருக்கக் கூடாதா நான்? நாக்கு அசையுது தங்கச்சி! ஏதோ சொல்ல வாராப்ல.

— அவரு காதுல போன வைங்க. என்னங்க! இந்து பேசுறேன். கேக்குதா?

— இந்து…

— சொல்லுங்க. நான் இருக்கேன், சொல்லுங்க.

— நல்ல… ஏரிடி.

— வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் சொல்லுங்க. விடிய விடியக் கேக்குறேன்.

— உனக்குப் பிடிக்கும்ல… போயிட்டு… வாரேன்டி.

— வேணாங்க! அதச் சொல்லாதீங்க! எப்பவும் போலப் போறேன்னே சொல்லுங்க, அப்படிச் சொல்லிட்டுப் போன நாளெல்லாம் நீங்க வீடு வந்து சேந்துட்டீங்க!