ரெண்டு கதவு வண்டி

பின்சீட்டாம் பின்சீட்டு! நீங்களே சொல்லுங்க சார், அதுவா சீட்டு? நான் ஏறி உக்காந்தே பாத்துட்டேன். முழங்கால் ரெண்டும் வந்து தாடைய முட்டுது. எறங்கத் தெரியல. அந்த சேல்ஸ்மேன்தான் கையப் புடிச்சு இழுத்து வெளிய எடுத்தாரு. எடுத்துட்டு சொல்றாரு, "அது பை வைக்கிறதுக்கு, ஆள் உக்கார இல்ல"ன்னு. அப்ப பைக்கு எதுக்குய்யா சீட் பெல்ட்டு?

அட, எங்க எந்திரிக்கிறீங்க? உக்காருங்க சார். உங்க வண்டி சர்வீஸ் முடிய இன்னும் நேரம் ஆகும்னு இப்பதானே அந்தக் கவுன்ட்டர்ப் பொண்ணு சொல்லிட்டுப் போச்சு? ஜூஸ் சாப்டீங்களா? எடுத்துக்கோங்க, இன்னிக்கு எல்லாம் ஓசி. புது வண்டி அறிமுக விழால்ல.

நான் யாருன்னு சொல்லவே இல்லையே... மெத்தை கம்பெனி முதலாளி இருக்காருல்ல, அவரோட டிரைவர். என் மீசை கறுப்பா இருந்த காலத்துலேருந்து அவரு ஒருத்தருக்குத்தான் ஓட்டுறேன். அவரு பின்னாடி, நான் முன்னாடி. கண்ணாடியில ஐயா மூஞ்சியப் பாத்தே இன்னிக்கு எந்த ரோடுன்னு முடிவு பண்ணிடுவேன். புருவம் சுருங்கியிருந்தா ஆத்தோரமா ஒரு சுத்து சுத்திட்டுத்தான் ஆபீஸ். அவரா வழி சொன்னதே கெடையாது. சொல்ல வாயத் தொறந்தாருன்னா... நான் பேசிக்கிட்டிருப்பேன். சரி விடுங்க.

விழாவப் பாத்தீங்களா? இல்லையா? அடடா, போச்சு! லைட்ட எல்லாம் அணைச்சாங்க சார். திடீர்னு ஒரே புகை. ஏதோ வயர்தான் பத்திக்கிச்சுன்னு நான் "ஐயா, எந்திரிங்க!"ன்னு கத்திட்டேன். கூட்டமே திரும்பிப் பாக்குது. அலங்காரமாம்! புகை போடுறதுல என்ன சார் அலங்காரம்? அப்புறம் மேனேஜரு வந்து மேல போட்ட பட்டுத்துணிய இழுத்தாரு. அது போயி சைடு கண்ணாடியில மாட்டிக்கிச்சு. ஸ்கூலுக்கு நேரமாச்சுன்னு புள்ளைங்க போர்வைய இழுப்போமே, அந்த மாதிரி இழுக்குறாரு பாவம், வேர்த்து விறுவிறுத்துப் போச்சு.

ஆனா பொய் சொல்லக் கூடாது சார். துணி விலகுச்சு பாருங்க... அழகு! கதவு ரெண்டே ரெண்டு, மூக்கு மட்டும் எங்க வீட்டு அடுப்படி நீளம். ஸ்டார்ட் பண்ணாங்க. உறுமுச்சு பாருங்க, என் கையில இருந்த ஜூஸ் டம்ளர் தானா ஆடுது. எஞ்சினுக்கு அறுநூறு குதிரை பலமாம். மைக்குல ஒருத்தர் சொல்றாரு, "ஒரே மூச்சுல நாடு விட்டு நாடு போனாலும் அலுப்பே தெரியாது, நெடும்பயணத்துக்குன்னே பொறந்த வண்டி"ன்னு. மனசுக்குள்ள நான் அங்கயே கெளம்பிட்டேன் சார்! கடலோர ரோடு, வெள்ளைக் கையுறை, பின்னாடி ஐயா, காத்து...

அப்பத்தான் அந்தாளு சொல்றாரு, "இந்த வண்டியோட சுகமே, முதலாளி தானே ஓட்டுறதுலதான் இருக்கு."

எல்லாரும் கைதட்டுறாங்க சார். பக்கத்துல தட்டுறாங்களேன்னு நானும் தட்டிட்டேன்! தட்டி முடிச்சப்புறந்தான் மண்டையில ஏறுது, நம்ம வேலை போறதுக்கு நாமளே கைதட்டியிருக்கோம்னு.

இதுல யாரக் குத்தம் சொல்றது? அழைப்பிதழ் வந்ததும் ஐயா அத மடிச்சு, ஆடுற மேசைக்கு முட்டுக் குடுத்துட்டாரு சார். அத உருவி எடுத்துட்டு வந்தது யாரு? நான். காலையில போகும்போது அந்த வண்டி, சாயங்காலம் வரும்போது அந்த வண்டி, சிக்னல்ல நின்னா அந்த வண்டின்னு ஐயா காதுல ஓதிக்கிட்டே இருந்தது யாரு? அதுவும் நான்தான். ஓட்டப்போறது நாமன்னு நெனச்சுக்கிட்டேன். புது ஷூ கூட வாங்கியாச்சு. இதோ பாருங்க, கடிக்குது வேற.

புத்தகத்தத் தலைகீழா புடிச்சிருக்கீங்க சார். ம்... இப்ப சரி.

சரி, இத கேளுங்க. ஐயா அந்த சேல்ஸ்மேன்கிட்ட வெலைய கேக்கல, மைலேஜ் கேக்கல. "உள்ள சத்தம் எப்படி இருக்கும்?"னு கேட்டாரு. "ரெண்டடுக்குக் கண்ணாடி சார், வெளிய இடி விழுந்தாலும் உள்ள கேக்காது"ன்னாரு அவரு. "வெளிய விடுங்க. உள்ளயே வர்ற சத்தம்?"ங்கிறாரு ஐயா. "உள்ள ஏது சார் சத்தம்? நீங்க ஒருத்தர்தானே இருப்பீங்க"ன்னாரு. அப்ப பாக்கணுமே ஐயா மூஞ்சிய! ஒரே வெளிச்சம். என்னையத் திரும்பிப் பாத்தாரு. உடனே பார்வைய நகத்திக்கிட்டாரு. "ஓட்டிப் பாக்குறேன், நீ இங்கயே இரு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. ஐயாவுக்கு லைசென்ஸ் இருக்கு சார், தவறாம புதுப்பிச்சு வைக்கிறது நான்தான். ஓட்டினதுதான் கெடையாது.

இதுல ஐயா மூஞ்சி மலர என்ன இருக்குன்னு அப்போலேருந்து யோசிக்கிறேன்...

எங்க வீட்டுக்காரி நான் பேச ஆரம்பிச்சா மிக்சிய போட்டுடுவா. உள்ள ஒண்ணும் இருக்காது, சும்மா ஓடும். "கொஞ்சம் காதுக்கு ஓய்வு"ம்பா. என் மகன் போன எடுத்ததும் "மீட்டிங்ல இருக்கேன்பா"ங்கிறான், ஞாயித்துக்கெழமையில. நீங்க கூட அப்போலேருந்து வாசலையே பாக்குறீங்க...

ஓ.

ஓஹோ... அதானா சார்? ரெண்டு கதவு போதும்னு அவரு நெனச்சது இதுக்குத்தானா? என் வாய்க்குப் பயந்தா அறுநூறு குதிரை வாங்கப் போறாரு?

"கொஞ்சம் வாய மூடுய்யா"ன்னு சொல்லியிருந்தா மூடியிருப்பேனே... மூடியிருக்க மாட்டேன், ஆனா முயற்சி பண்ணியிருப்பேன்ல? ஒண்ணு சொல்றேன் சார். ஐயா வீட்டம்மா தவறின அன்னிக்கு ஆஸ்பத்திரியிலேருந்து ஐயாவ வீட்டுக்கு நான்தான் கூட்டிட்டு வந்தேன். பின்னாடி ஒத்தையா உக்காந்திருக்காரு. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. வழியெல்லாம் பேசுனேன். என்ன பேசுனேன்? டயரு தேய்ஞ்சது, எங்க தெருவுல தண்ணி வராதது, என் மச்சான் வாங்கி ஏமாந்த பழைய ஸ்கூட்டரு... கூறு கெட்டவன் பேசுற நேரமா அது? ஆனா வீட்டு வாசல்ல நிறுத்துனா ஐயா எறங்கல. "அப்புறம் அந்த ஸ்கூட்டரு என்னாச்சு?"ன்னு கேட்டாரு. அன்னிக்குத் தொறந்த வாய் சார் இது. நிறுத்துனா அந்த மனுஷன் என்ன ஆவாரோன்னு...

இருங்க, போன் அடிக்குது. ஐயாதான்.

ஐயா! சொல்லுங்க ஐயா... எங்க? முட்டுச்சந்தா? ஷோரூம எதுக்க வச்சுக்கிட்டு முட்டுச்சந்துக்கு எப்படிய்யா போனீங்க?... சரி சரி, கத்தாதீங்க. ரிவர்ஸ் விழலையா? பக்கத்துல அந்த சேல்ஸ்மேன் இருக்காருல்ல, கேளுங்களேன்... கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருக்காரா? ஐயா, அப்படி என்னதான் ஓட்டுனீங்க?

பிரேக்க அமுக்குங்க. வலது காலு, வலது... ஆங். கைக்குக் கீழ வெள்ளி நிறத்துல ஒரு குமிழ் இருக்கும், படத்துல பாத்திருக்கேன், மெதுவா முன்னாடி தள்ளுங்க, அதுதான் ரிவர்ஸ். திரையில பின்பக்கம் தெரியுதா? பசுமாடா? நிக்கட்டும், அது போகும். ஹாரன் அடிச்சுறாதீங்க, அறுநூறு குதிரை ஹாரனுக்கு அது மெரண்டுடும்... போச்சா? இப்ப பிரேக்க விடுங்க, ஆக்சிலேட்டர் பக்கமே போகாதீங்க. அது தானா நகரும். நகருதா? அவ்வளவுதான்! மெயின் ரோடு வந்தாச்சா? அப்பாடா. பிரேக்க அமுக்கி, குமிழப் பின்னாடி இழுத்துட்டு, அப்படியே நேரா வாங்க. நான் வச்சிடுறேன்...

வைக்க வேணாமா?

என்ன ஐயா?... கவுன்ட்டர்ல கேக்கணுமா? இதே வண்டி நாலு கதவு வச்சு வருதான்னா?... யாருக்குங்க, நான் ஓட்டுறதுக்கா?... வந்து... கேக்குறேன் ஐயா. இப்பவே கேக்குறேன்.

சார், கேட்டீங்களா சார், எங்க ஐயா... சார்? எங்க போனாரு இவரு? புத்தகம் மட்டும் கெடக்கு. ஒண்ணுமில்ல ஐயா, இங்க ஒரு நல்ல மனுஷன் இருந்தாரு, ரெண்டு பேரும் நல்லா பேசிக்கிட்டிருந்தோம்.

ம்? சொல்லுங்க... உள்ள ரொம்ப அமைதியா இருக்கா? கண்ணாடி ரெண்டடுக்குல்ல, இருக்கத்தான் செய்யும்... என்னது? என்ன சொன்னீங்க?... வந்து சேர்ற வரைக்கும் பேசிக்கிட்டே இருக்கணுமா? நானா?

ஐயா... அது... இந்த வார்த்தைய என்கிட்ட இதுவரைக்கும் யாருமே சொன்னதில்ல ஐயா. திடீர்னு பேசுன்னு சொல்லிட்டீங்க... அது வந்து...

என்ன ஐயா பேசுறது?