காதுக் கந்தோர் கண்டிக்கு வந்த கதை

தலைமைக் கதிரையை அலங்கரித்துக்கொண்டு, எனக்குப் பத்தே பத்து நிமிடங்களைத் தந்துவிட்டு, நான் ஒலிவாங்கியைத் தொடுமுன்பே தன் கைக்கடிகாரத்தைத் தொட்டுவிட்ட ஓய்வுபெற்ற தபாலதிபர், என் நாற்பதாண்டு நண்பர் நவரட்ணராஜா ஐயா அவர்களே! முன்வரிசையை முழுமையாக நிறைத்து, முகமலர்ச்சியோடு அமர்ந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு, அரைநாளை எமக்கு அளித்துவிட்டு வந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! ஹந்தானையிலிருந்து இறங்கி வந்தவர்களே, அம்பிட்டியவிலிருந்து நடந்து வந்தவர்களே, நாவலப்பிட்டியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த என் உடன்பிறப்புகளே! உங்கள் அனைவர் மீதும் சாந்தியும் சமாதானமும் உண்டாவதாக! வணக்கம்! வணக்கம்! வணக்கம்!

என்ன அங்கே சிரிப்பு? "மூன்று வணக்கத்திலேயே மூன்று நிமிடம் போச்சு" என்கிறாரா? போகட்டும் ஐயா! இன்றைக்கு இந்த ஸெய்னுலாப்தீன் பேசாமல் வேறு யார் பேசுவது? எனக்குப் பின்னால் கட்டியிருக்கும் பதாகையைப் பாருங்கள். "கண்டிக்குக் கம்பனி கொணர்ந்த கொடைவள்ளல்" என்று எழுதியிருக்கிறார்கள். தோளிலே பொன்னாடை வேறு! துணிக்கடைக்காரனுக்கே துணி போர்த்திய துணிச்சலைப் பாராட்டுகிறேன். ஆனால் இந்த ஆடை என் தோளில் கனக்கிறது. ஏன் கனக்கிறது என்று சொல்லத்தான் வந்தேன். சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன்.

நம் ஊரில் "காதுக் கந்தோர்" என்றால் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். என் கடையின் மேல்மாடியில் இருக்கும் அலுவலகம் அது. வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கிலாந்திலே ஒரு தமிழ்த்தாய் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். டொக்டருக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு ஆங்கிலம் வராது. டொக்டர் தொலைபேசியை எடுக்கிறார். மணி எங்கே அடிக்கிறது? லண்டனிலா? இல்லை! கண்டியில், கடைவீதியில், என் தலைக்கு மேலே அடிக்கிறது! அவள் சொல்வதை நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் சொல்ல, அவர் சொல்வதைத் தமிழில் சொல்ல, வைத்தியம் நடக்கிறது. இருபத்து நான்கு பேருக்கு அங்கே வேலை.

காலம் எப்படி ஓடுகிறது பார்த்தீர்களா? கடல்கடந்த கம்பனிகள் முதலில் தங்கள் தையலை வெளியே அனுப்பின. சட்டை தைக்கும் மெஷின்கள் நம் நாட்டுக்கு வந்தன. பிறகு கணக்கை அனுப்பின. பிறகு குரலை அனுப்பின. இப்போது காதையே அனுப்பிவிட்டன! காதை எங்கே கொண்டுபோய் வைப்பது? கூலி குறைந்த ஊரிலா? கட்டடம் உயர்ந்த ஊரிலா? கரண்ட் போகாத ஊரிலா? இதைத் தேடித்தான் கம்பனியின் அம்மையார் ஒருவர் கையிலே மூன்று ஊர்களின் பெயரோடு புறப்பட்டார். சென்னை, கோலாலம்பூர், கண்டி. முதல் இரண்டுக்கும் பக்கத்தில் ஒன்றுமில்லை. கண்டிக்குப் பக்கத்தில் மட்டும் சிவப்பு மையில் ஒரு சொல். யுத்தம்!

ஆமாம், யுத்தம்தான். இந்த இரண்டாயிரத்து ஏழில் அதை மறைக்க முடியுமா? பேராதனைச் சந்தியில் படையினர் மறிக்கிறார்கள், அடையாள அட்டை கேட்கிறார்கள். நம் ஊருக்கு நெருப்பும் புதிதல்ல. எண்பத்து மூன்று கலவரத்திலே, என் மேல்மாடியில் தம்பிராஜா மாஸ்டரின் தட்டெழுத்து வகுப்பு இருந்தது. தமிழர் வகுப்பு என்று கொளுத்தினார்கள். மாஸ்டர் குடும்பத்தோடு நாட்டைவிட்டே போனார். இருபது வருடம் அந்த மாடியில் நான் ஒரு துணிமூட்டைகூட அடுக்கவில்லை. மனம் வரவில்லை.

ஆனால் கேளுங்கள், என் மக்களே, கேளுங்கள்! கலவரம் துரத்திய தமிழ் உலகமெல்லாம் சிதறியது. யாழ்ப்பாணத்துத் தமிழ் போனது, மலையகத்துத் தமிழ் போனது, எங்கள் முஸ்லிம்களின் தமிழும் போனது. சிதறிய தமிழுக்குச் சுகமில்லாமல் போனால், அது சொல்வதை விளங்கிக்கொள்ள எந்த ஊருக்குக் காது இருக்கிறது? மூன்று தமிழும் ஒரே கடைவீதியில் விலை பேசுகிற ஊர் எது? ஒரே பஸ்ஸில் இடிபடுகிற ஊர் எது? சொல்லுங்கள், எது? கண்டி! இன்னும் பலமாக! கண்டி!

இதை முதலில் கண்டுபிடித்தவன் நானல்ல. காதுக் கந்தோரின் தலைவி தவமணி அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர். இதோ, இரண்டாம் வரிசையில் தலையைக் குனிந்துகொள்கிறார். மலையகத்துப் பிள்ளை ஒருவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், லண்டனில் ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர் லைனுக்கு வந்தார். இந்தப் பிள்ளை மளமளவென்று பேச, அவர், "பிள்ளை, கொஞ்சம் ஆறுதலாச் சொல்லுங்கோ" என்றார். உடனே இவர், "கவலப்படாதீங்கய்யா, எல்லாம் சரியாயிரும், கடவுள் இருக்காரு" என்று ஆறுதல் சொன்னாரே பார்க்கலாம்! பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்கென்ன கவலை? நீர் கதைக்கிற வேகம்தான் கவலை!"

சிரிக்காதீர்கள், சிரிக்காதீர்கள்! அவர்களுக்கு ஆறுதல் என்றால் மெதுவாக. மலையிலே ஆறுதல் என்றால் தேற்றுவது. தவமணி அக்கா அன்றைக்கே ஒரு சட்டம் போட்டார். ஒவ்வொரு மேசையிலும் ஒரு வடக்கு, ஒரு மலையகம், ஒரு முஸ்லிம். காதில் விழுந்த சொல்லிலே சந்தேகம் வந்தால் வாயைத் திறக்காதே, உள்ளங்கையை உயர்த்து. தெரிந்தவர் வந்து காதை வாங்கிக்கொள்வார். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லக்கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

அந்த மலையகத்துப் பிள்ளை யார்? பேச்சியம்மா. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்திலே, அந்த வரிசை வீட்டிலே பிறந்தவர். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவிலே, கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர். அங்கே வந்துபோன வெளிநாட்டுத் தாதிமாரோடு நான்கு வருடம் பேசிப் பேசியே ஆங்கிலம் பிடித்தவர். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், தகப்பனும் அவரே. அப்போது வேலை நிரந்தரமாகவில்லை, தவணை முடிய இரண்டு வாரம்தான் இருந்தது. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த நாள்! அம்மையார் வருகின்ற நாள்! அதுவரை நடந்தது பரீட்சார்த்தம்தான், சரிவந்தால் ஐந்து வருட ஒப்பந்தம். சரிவராவிட்டால் மாத முடிவில் மேல்மாடியைப் பூட்டவேண்டும். காலை எட்டு மணிக்குத் தவமணி அக்காவிடமிருந்து அழைப்பு. "ஹாஜியார், பேராதனையிலை மறிச்சுப்போட்டாங்கள். பஸ்ஸிலை வந்த எல்லாரையும் இறக்கி வைச்சிருக்கிறாங்கள். நான் வருமட்டும் ஒண்டையும் மாத்தாமல் அப்பிடியே நடத்துங்கோ."

ஒன்றையும் மாற்றவேண்டாம் என்றார். நான் என்ன செய்தேன்? மாற்றினேன்! எல்லாவற்றையும் மாற்றினேன்! புதுத் திரைச்சீலை போட்டேன். பூச்சாடி வைத்தேன். கடைசியாக, பேச்சியம்மாவைக் கூப்பிட்டேன்.

"புள்ள, இன்னைக்கி ஒரு நாளைக்கி நீங்க கீழ இரிங்க. தேத்தண்ணிய கவனிச்சா போதும்."

"ஏன் மொதலாளி? நான் நல்லா பேசலயா?"

"பேசுறீங்க. ஆனா ஒங்கட தமிழ் தோட்டத்துத் தமிழ். அன்னைக்கி ஆறுதல் சொல்லப்போய் வாங்கிக்கட்டினீங்க தானே? வெள்ளக்கார மேடம் வந்திரிக்கிற நேரம் நல்ல தமிழ் பேசோணும்."

அட மடையா! அந்த வெள்ளைக்கார அம்மாவுக்குத் தமிழே தெரியாது! நல்ல தமிழ் எது, தோட்டத்துத் தமிழ் எது என்று அவருக்கு என்ன தெரியும்? வெட்கப்பட்டது அவரல்ல, நான். நாற்பது வருடம் மேடையிலே தமிழ் தமிழ் என்று தொண்டை கிழியக் கத்திய நான்! பேச்சியம்மா ஹெட்போனைச் சுற்றி மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

பத்து மணி. அம்மையார் வந்து அமர்ந்தார். சிவப்பு மையிட்ட காகிதம் மடியிலே. லண்டனில் இன்னும் விடியவில்லை. மணி அடித்தது. எடுத்தவர் ஹிதாயா, நம் ஊர்ப் பிள்ளை, ஆங்கிலத்தில் புலி. அம்மையார் கேட்பதற்காக ஒலிபெருக்கியைத் திறந்து வைத்தோம். ஒரு பெண், வயிற்று வலி, துணைக்கு யாருமில்லை, புருஷன் பேக்கரி வேலைக்குப் போய்விட்டான். வயிற்றை எக்ஸ்ரே எடுக்கப்போகிறோம், அதற்கு முன்னால் நாங்கள் அறியவேண்டியது ஏதும் உண்டா என்று டொக்டர் கேட்கிறார். ஹிதாயா தமிழில் கேட்டார். அந்தப் பெண்ணின் குரல் கூச்சத்தில் தேய்ந்தது.

"நான் மூணு மாசமா முழுகாம இருக்கேங்க."

எனக்குச் சுருக்கென்றது. மூன்று மாதமாகக் குளிக்கவில்லையா? சீமையில் அவ்வளவு குளிரா? ஹிதாயாவின் முகத்தைப் பார்த்தேன். அவரும் விழிக்கிறார். மெல்ல உள்ளங்கையை உயர்த்தினார்.

யார் வருவார்கள்? அந்த மேசையில் வடக்கின் கதிரை வெறுமை. அதை மறித்தது சோதனைச்சாவடி. மலையகத்தின் கதிரை வெறுமை. அதை வெறுமையாக்கியது யார்? நான்! மற்ற மேசைகளில் எல்லாரும் வேறு அழைப்புகளில் இருந்தார்கள். உயர்த்திய கை உயர்த்தியபடியே நின்றது. அம்மையார் பேனாவைத் திறந்தார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "புள்ள, மேடம் பாக்குறாங்க, குளிக்கல்லண்டு சொல்லி முடிங்க" என்றேன். ஹிதாயா என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஏலாது ஹாஜியார். அந்தப் பேச்சில வேற என்னமோ இரிக்கி. பேச்சியக்காவக் கூப்பிடுங்க!" என்றார்.

இறங்கினேன் ஐயா! இந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு, இருபத்தாறு படியும் இரண்டிரண்டாக இறங்கினேன்! பேச்சியம்மா தேநீர்க் கேத்தலைத் தூக்கி நிற்கிறார். "புள்ள, லண்டன்ல ஒரு பொம்புள, மூணு மாசமா முழுகாம இரிக்கிறாவாம்..." சொல்லி முடிக்கவில்லை, கேத்தல் தரையிலே!

"அய்யோ மொதலாளி! அவ புள்ளத்தாச்சி! அந்தப் படத்த எடுக்கவேணாம்னு சொல்லுங்க!"

பறந்தார்! என்னைத் தள்ளிவிட்டுப் படியேறினார்! ஹெட்போனை வாங்கினார். ஆங்கிலத்தில் டொக்டருக்கு ஒரே வாக்கியம், மூன்று மாதக் கர்ப்பிணி, எக்ஸ்ரேயை நிறுத்துங்கள் என்று. பிறகு தமிழில், "பயப்படாத தாயி. எந்தூரு நீ?" என்றார். "நாவலப்பிட்டிப் பக்கம்க்கா" என்று அந்தப் பெண் ஓவென்று அழுத சத்தம் மேல்மாடி முழுக்கக் கேட்டது. அன்றைக்கு அவர் சொன்னாரே ஆறுதல், அதுதான் ஆறுதல்! மலைத் தமிழின் ஆறுதல்! எக்ஸ்ரே இல்லை, வேறு சோதனை செய்தார்கள், வயிற்றிலே பிள்ளை பத்திரம். ஹிதாயா அழுதார். நானும் அழுதேன். அம்மையார் பேனாவை மூடினார்.

கைதட்டுகிறீர்கள். தட்டுங்கள், எனக்கல்ல. பிறகு அம்மையார் கேட்ட கேள்வியைக் கேளுங்கள். வெறுமையாக இருந்த கதிரையைக் காட்டி, "இந்தப் பெண்ணின் இடம் இதுதானே? ஏன் காலியாக இருந்தது?" என்றார். மேடையிலே மணிக்கணக்காகப் பேசும் நான் என் புதுத் திரைச்சீலையை இழுத்துச் சரிசெய்தேன். பேச்சியம்மாதான் பதில் சொன்னார். "இன்றைக்கு எனக்குத் தேத்தண்ணி முறை, மேடம்." அவ்வளவுதான். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் உண்மையைச் சொல்லவில்லை. அம்மையார் காகிதத்தில் மூன்று ஊர்களில் இரண்டை வெட்டினார். ஒப்பந்தம் வந்தது. அதோடு பேச்சியம்மாவுக்கு நிரந்தரக் கடிதமும் வந்தது. ஊர் என்ன செய்தது? என்னைக் கொடைவள்ளல் ஆக்கியது. நான் வாயை மூடிக்கொண்டு தோளைக் காட்டினேன்.

மூன்று மாதமாகத் தூக்கமில்லை, மக்களே! அதனால்தான் இன்று இந்தச் சபையில் சொல்கிறேன். கம்பனி கண்டியைத் தேர்ந்தெடுத்தது என் கட்டடத்துக்காக அல்ல, என் திரைச்சீலைக்காக அல்ல. நான் எந்தத் தமிழைக் கீழே அனுப்பினேனோ, அந்தத் தமிழுக்காக! எந்தத் தமிழையும் கீழே இறக்காத ஊருக்குத்தான் உலகம் தன் காதைக் கொடுத்துவைக்கும். இனி இந்த ஊரில் எவனாவது இன்னொருவர் பேச்சைப் பார்த்து "நல்ல தமிழ் பேசு" என்றால், அவனை என்னிடம் அனுப்புங்கள். நான் பட்ட வெட்கத்தில் பாதியை அவனுக்குக் கொடுக்கிறேன்!

இதோ, பொன்னாடையைக் கழற்றிவிட்டேன். தலைவர் அவர்களே, தடுக்காதீர்கள். பேச்சியம்மா! ஏழாவது வரிசையில் ஒளிந்துகொள்ளாதீர்கள், தெரிகிறது! சபையறிய மன்னிப்புக் கேட்கிறேன். மேடைக்கு வாங்க புள்ள, இது உங்களுக்கு.

என்ன? எழும்பமாட்டாரா? சத்தமாகச் சொல்லுங்கள், எல்லாருக்கும் கேட்கட்டும்.

"பொன்னாடைய நீங்களே வச்சுக்கங்க மொதலாளி! மூணு மணிக்கு எனக்கு வேல. இன்னைக்கித் தேத்தண்ணி மட்டும் நீங்க ஊத்தித் தாங்க!"

கேட்டீர்களா! தட்டுங்கள், கூரை பிளக்கத் தட்டுங்கள்! இருபத்து நான்கு பேருக்கும் நான் ஊற்றுகிறேன். இன்றைக்கு மட்டுமல்ல, ஒவ்வொரு வெள்ளியும், ஜும்ஆத் தொழுகை முடிந்ததும்! தலைவர் அவர்களே, நீங்கள் கடிகாரத்தைப் பார்க்கவேண்டாம், இப்போது எனக்குத்தான் நேரம் போகிறது. மண்டபம் தந்தவர்களுக்கும், ஒலிபெருக்கி கட்டியவர்களுக்கும், பொறுமை காத்த தாய்மார்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வழியிலே மறிப்பார்கள், அட்டைகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறுதலாகப் போய்வாருங்கள், என் மக்களே! அந்தச் சொல்லை எந்தத் தமிழில் எடுத்தாலும் சரி. கேத்தல் கொதிக்கிறது, நான் வாறேன்!